பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள்

என் மகள் கயல் இங்கிலாந்துக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். ஸ்வெட்டர் போட்டாயா, கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா, கேஸை அணைத்தாயா என்று நான் மூன்று கேள்வி கேட்பேன். அங்கே கேஸ் அடுப்பே இல்லை, கரண்ட் அடுப்புதான் என்று ஐந்து வாரமாகச் சொல்கிறாள். நானும் ஐந்து வாரமாகக் கேட்கிறேன்.

ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் நம்மூர்க் கம்பெனி, இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த பழைய தொழிற்சாலை ஒன்றை, அதன் இயந்திரம், வரைபடம், தொழில்நுட்பம், ஆட்கள் எல்லாவற்றோடும் சேர்த்து வாங்கிவிட்டது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பேப்பர் கடைக்காரர், “பாத்தீங்களா மேடம், நம்மள ஆண்டவன் கடைய நம்மாளு வாங்கிட்டான்” என்று, தானே கையெழுத்துப் போட்டு வாங்கியவர்போலச் சொன்னார். அங்கே நடக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு வர நான்கு பேரை ஆறு மாதத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒருத்தி என் மகள்.

போன ஞாயிறு அவள் சொன்னாள்: “இங்க ஒரு பெரியவர் இருக்கார்ம்மா. நான் எதை அளந்தாலும் வந்து திரும்ப அளக்கிறார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அளப்பார், என் நோட்டைப் பார்ப்பார், போயிடுவார். அவங்க ஆளுங்க அளந்ததை அவர் தொடறதே இல்ல. எனக்கு மட்டும் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்கம்மா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வந்து, “என்ன, கேஸை அணைக்கலையாமா?” என்று கேட்டார். அவருக்கு எப்போதும் விளையாட்டு.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கும்வரை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனி ஒன்றில், வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. பழைய செக்‌ஷன் பெண்கள், “உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவங்களுக்குக் காட்டலாம்” என்று ஒரு வருஷமாகக் கேட்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை என்று தட்டிக்கழித்தேன். இப்போது எழுத ஒன்று இருக்கிறது.

படிப்பையும் பயிற்சியையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். கருவிப் பொறியியலில் டிப்ளமா. கிண்டியில் ஒரு சின்னப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று அளவுக் கருவிகளோடு போயிற்று. அங்கே நான் கற்றது ஒன்றே ஒன்று: எதையும் இரண்டு முறை பார்ப்பது. அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. பூட்டிய கதவைப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் ஜாதி நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது அந்த வட்டாரமே கொரியாக்காரர்களைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனி பஸ் டிரைவரின் கணக்கில் கொரியா என்பது ஜப்பானில் ஒரு மாவட்டம். வாடகைக்கு வீடு கேட்டு வந்த கொரியர்களிடம் வீட்டுக்காரர்கள், “ஜப்பான்காரன்னா உடனே சாவி குடுப்போம், நீங்க யாருன்னு தெரியலையே” என்று இழுத்தார்கள். நாலைந்து வருஷம் போனது. அவர்கள் கார் ரோடெல்லாம் ஓடியது. அதே வீட்டுக்காரர்கள் வாசலில் கொரிய எழுத்தில் பலகை மாட்டினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “வூடு வாடகைக்குன்னுதான் சொன்னாங்க, இன்னா எழுதினானோ” என்றார் ஒருவர்.

அந்த நாட்டு அரசாங்கம் அங்கத்துக் கம்பெனிகளைக் கைப்பிள்ளைபோல ஊட்டி வளர்த்ததுதான் காரணம் என்று எங்கள் தரப்பிரிவு மேனேஜர் தேவராஜன் சார் சொல்வார். நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கார் விற்க வருகிறாயா, வா. ஆனால் இத்தனை பாகங்களை இங்கேயே செய்யவேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனையின் வயிற்றில் பிறந்ததுதான் எங்கள் கம்பெனி. பூட்டின் இரும்பு உடம்பு இங்கே அடிப்போம். பிளாஸ்டிக் கொரியா. சின்னச் சின்ன ரிவெட் ஆணிகள் சீனா. எல்லாவற்றுக்கும் உள்ளே, பூட்டின் நாக்கை இழுத்துப் பிடிக்கும், இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ஒரு ஸ்பிரிங் மட்டும் ஜெர்மனி. அந்த ஸ்பிரிங் உடைந்தால் ஓடும் காரில் கதவு திறந்துகொள்ளும். பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்த நினைப்பு ஒருநாளும் விட்டுப் போனதில்லை.

வரும் பெட்டிகளோ நிறைய, சோதிக்கும் பெண்களோ ஆறே பேர். அதனால்தான் ஸ்டிக்கர் முறையைக் கொண்டுவந்தேன். பச்சை ஒட்டினால் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம், நேரே ஸ்டோருக்குப் போகலாம். மஞ்சளானால் பெட்டிக்கு ஐந்து. சிவப்பானால் ஒவ்வொன்றும். அனுப்பும் கம்பெனியின் பழைய வரலாற்றைப் பார்த்துத்தான் நிறம் தரவேண்டும் என்று தாளில் எழுதினேன். நடைமுறையில் என்ன ஆனது என்றால், ஜெர்மனி பச்சை, கொரியா மஞ்சள், சீனா சிவப்பு. யாரும் தாளைப் படிக்கவில்லை. நானும்தான்.

பச்சைப் பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. ஸ்பிரிங்குகள் ஐம்பது ஐம்பதாக, துருப்பிடிக்காத மருந்து தடவிய தாள் பாக்கெட்டில், முத்திரை வைத்து வரும். முத்திரையை உடைத்தால் நம் ஊர்க் காற்று உள்ளே போய்விடும். ஒரு வாரத்தில் துருப் புள்ளி விழும். அதனால் பச்சை முத்திரையை உடைப்பது எங்கள் பிரிவில் பெரிய குற்றம். மெமோ கொடுப்போம்.

இந்த நிறங்கள் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கயல், அப்பா வைக்கும் சாம்பார்ப் பாத்திரத்தில் சிவப்பு ஒட்டினாள். என் தங்கைக்குப் பச்சை. எனக்கு மஞ்சள். “அஞ்சு தடவ சொன்னா ஒரு தடவ கேக்கலாம்” என்றாள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் அந்த ஜெர்மன் ஸ்பிரிங் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. கடிதத்தின் தலைப்பு மாறியிருந்தது. ஒரு சீனக் கம்பெனி அவர்களை முழுதாக வாங்கிவிட்டதாம். அதே ஊர், அதே கட்டடம், அதே ஆட்கள், பெயரில் மட்டும் பின்னால் ஒரு சீனச் சொல். வெளியே போய் நல்ல தொழில்நுட்பமாகப் பார்த்து வாங்குங்கள் என்று சீன அரசாங்கமே அதன் கம்பெனிகளை உந்தித் தள்ளுகிறது என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம்.

எங்கள் பிரிவில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிட்டது. “போச்சு மேடம்,” என்றார் ஸ்டோர் கீப்பர் முனுசாமி. வல்லம் பக்கத்து ஆள், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். “எம் பையனுக்கு ஒரு சீனா டார்ச் லைட் வாங்கியாந்தேன். ஆன் பண்ணா எரியுது. ஆப் பண்ணாலும் எரியுது. அவன் கைல இது மாட்டிக்கிச்சே.”

நானும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. புதுப் பெயர் போட்டு வந்த பெட்டிகளுக்கெல்லாம் சிவப்பு ஒட்டினேன்.

சிவப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கை எடுத்து எண்ணெயைத் துடைக்கவேண்டும். நீளம் பார்க்கவேண்டும். இழுவைக் கருவியில் மாட்டி, குறிப்பிட்ட நீளத்துக்கு இழுத்தால் எவ்வளவு பலத்தில் திரும்ப இழுக்கிறது என்று முள்ளைப் பார்க்கவேண்டும். பிறகு பூதக்கண்ணாடியில் இரண்டு கொக்கிகளின் வளைவிலும் விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். திரும்ப எண்ணெய் தடவி வைக்கவேண்டும். ஆறு பெண்களும் கழுத்து வலி என்றார்கள். ஒன்றுகூடத் தவறாக அகப்படவில்லை. அது எங்களை இன்னும் பயமுறுத்தியது. “ஒண்ணுகூட மாட்டலைன்னா ஏதோ பெருசா இருக்கு” என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

முனுசாமி வேறொரு காரியம் செய்தார். விருந்தாளிக்கென்று நல்ல பழைய அரிசியைத் தனியாக எடுத்து வைப்பதுபோல, பழைய ஜெர்மன் பெயர் போட்ட பெட்டிகளில் மிச்சம் இருந்தவற்றை யாருக்கும் கொடுக்காமல் பின்பக்க ரேக்கில் ஒதுக்கி வைத்தார். ஆயுத பூஜைக்கு அந்த ரேக்குக்கு மட்டும் சந்தனப் பொட்டும் ஒரு முழம் சாமந்தியும் வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

“எக்ஸ்போர்ட்டுக்கு மேடம். மொத தபா நம்ம பூட்டு வெளிநாடு போவுது. அவன் தொறந்து பாக்கசொல்ல ‘அட, இண்டியாக்காரன் நல்லா செஞ்சிகிறான்டா’ன்னு சொல்லணும். இங்க ஓடற வண்டிக்கு சீனா ஸ்பிரிங்கு போதும். நம்ம ஆளு கதவு தொறந்துகினா கைல புடிச்சிகினு போவான்.”

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. துருக்கியில் ஒரு கார் கம்பெனி முதன்முதலாக எங்களிடம் பூட்டு கேட்டிருந்தது. அந்த ஒரு கன்டெய்னருக்குத் தேவையான பூட்டுகள் முழுவதிலும் பச்சை ஸ்பிரிங்தான் போடுவது என்று நானே கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வராணி எங்களிடம் பயிற்சியில் இருந்தாள். கோவில்பட்டிக்காரி. ஒரகடம் பக்கம் ஒரே அறையில் ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள். ஆறு மாதப் பயிற்சி, கன்டெய்னர் போகும் வாரத்து வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்று வரும் பட்டியலில் பெயர் இருந்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால் ஊருக்கு பஸ். ஊரில் அவளுக்கு ஒரு கல்யாணம் தயாராக இருந்தது. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. “வேலை நெலையாச்சுன்னா வேண்டாம்னு சொல்லிருவேன் மேடம். இல்லன்னா எந்த வாய வச்சிச் சொல்ல?” என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டோரில் சத்தம். ஓடிப்போனேன். சாமந்தி போட்ட ரேக்கின் முன்னால் செல்வராணி, கையில் முத்திரை உடைந்த பச்சைப் பாக்கெட்டோடு நிற்கிறாள். முனுசாமி தலையில் கைவைத்திருக்கிறார்.

“பாரு மேடம் இத! பாக்கெட்ட எட்டுகினு வான்னு சொன்னா பிரிச்சிகினு நிக்குது! சாமி ரேக்குல கை வெச்சிகீது!”

“சாமியா? ஸ்பிரிங்குல்ல அண்ணாச்சி இருக்கு,” என்றாள் அவள்.

“ஏன் பிரிச்ச?” என்று கேட்டேன்.

“ஆட்டிப் பாத்தேன் மேடம். சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு.”

“என்ன சத்தம்?”

“எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தாக மேடம். பள்ளிக்கூடம் விட்டு நானும் போவேன். ரொப்பி வச்ச பெட்டிய ஆட்டினா, உள்ள குச்சி ஒடஞ்சிருக்கா, கொறையுதான்னு காதே சொல்லிரும். இதுல சின்னத் துண்டு ஏதோ கெடந்து உருளுது. பிரிச்சா, மூணு ஸ்பிரிங்குல கொக்கி ஒடஞ்சி கெடக்கு. வேணும்னா நீங்களே இன்னொரு பாக்கெட்ட ஆட்டிப் பாருங்க.”

நான் ஆட்டிப் பார்க்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். எதையும் இரண்டு முறை பார்ப்பவள் என்று பெருமை அடித்துக்கொண்டேனே, அன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஜெர்மன் கொக்கி உடையாது. உடைந்தது இருக்கிறதென்றால் சீன ஸ்பிரிங் கலந்திருக்கவேண்டும். கலந்தது என்றால் இவள் கையால்தான் கலந்திருக்கும். இவ்வளவும் ஒரு மூச்சில் என் மனதில் ஓடி முடிந்துவிட்டது. ‘பயிற்சியில் இருப்பவர் அனுமதியின்றிப் பச்சை முத்திரையை உடைத்தார். சிவப்புப் பெட்டி ஸ்பிரிங்குகளை அவர் கவனக்குறைவாகக் கலந்திருக்க வாய்ப்புண்டு’ என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்திட்டு, மதியத்துக்குள் தேவராஜன் சார் மேஜைக்கு அனுப்பினேன்.

தேவராஜன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். சட்டைப் பையில் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா. ஒருவர் பேசுவது பிடிக்கவில்லை என்றால் பேனாவை மூடிப் பைக்குள் சொருகிவிட்டு, “சாப்பிட்டாச்சா?” என்பார். மணி காலை எட்டரையாக இருந்தாலும் சரி, மாலை நாலாக இருந்தாலும் சரி. அதற்கு மேல் அவர் அறையில் நிற்கக்கூடாது என்று பொருள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் விவரம் தெரியாமல், “இன்னும் இல்ல சார், இன்னைக்கு என்ன பொரியல்?” என்று கேட்டுவிட்டது எங்கள் கம்பெனியில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

என் அறிக்கையைப் படித்துவிட்டுப் பச்சைப் பெட்டிகளை அப்படியே பயன்படுத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் செல்வராணி பெயருக்கு எதிரே சிவப்புப் பேனாவால் ஒரு சிறிய புள்ளி வைத்தார்.

புதன்கிழமை முழுவதும் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து சிவப்புப் பெட்டி ஸ்பிரிங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோபமும் காட்டவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும் முன் காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டினாள், அவ்வளவுதான். மாலை எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் ஒரு பச்சைப் பாக்கெட்டை எடுத்து ஆட்டினேன். பிறகு ஒரு சிவப்பு. எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. என் காது தீப்பெட்டி ஆபீஸ் பார்க்காத காது.

ஆனால் பயம் என் பிறவிக் குணம். குழந்தை, பின்சீட்டு, கதவு என்று அது ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு இரும்புக் கம்பிகளை எடுத்து மேஜைகளுக்கு நடுவே துணிக்கொடிபோல வைத்தேன். ஒன்றில் இருபது பச்சை ஸ்பிரிங், மற்றதில் இருபது சிவப்பு. ஒவ்வொன்றின் கீழ்க் கொக்கியிலும், பூட்டுக்குள் அது தாங்கவேண்டிய அளவுக்கு எடைக்கட்டி மாட்டினேன். காலைவரை தொங்கட்டும். பஸ்ஸைத் தவறவிட்டேன், என் கணவர் ஸ்கூட்டரில் வந்து திட்டிக்கொண்டே கூட்டிப்போனார்.

வியாழக்கிழமை காலை செக்‌ஷனைத் திறந்தேன். சிவப்புக் கொடியில் இருபதும் தொங்கிக்கொண்டிருந்தன. பச்சைக் கொடிக்குக் கீழே, தரையில் ஏழு எடைக்கட்டிகள் கிடந்தன. ஏழு ஸ்பிரிங்கிலும் கொக்கி முறிந்திருந்தது. முறிந்த இடம் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

நான் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினேன்.

வெளியே கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டியது. முறிந்த ஏழையும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு தேவராஜன் சார் அறைக்குப் போனேன். அவர் பார்த்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது சைனாவா?”

“இல்ல சார். பழைய ஜெர்மன் பெட்டி. சைனாக்காரங்க வாங்கினதுக்கு அப்புறம் வந்ததுல ஒண்ணுகூட ஒடையல.”

“கலந்திருக்கலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“பார்க்காம எழுதினேன் சார்.”

“இது நம்ம முதல் எக்ஸ்போர்ட். இப்ப நிறுத்தினா அவங்க என்ன நினைப்பாங்க? இந்தியாக்காரன் சொன்ன தேதிக்கு அனுப்பமாட்டான்னு நினைப்பாங்க. ஒரு தடவை பேர் கெட்டா கெட்டதுதான்.”

“அனுப்பினா, கதவு தொறந்துக்கிட்டா என்ன நினைப்பாங்க சார்?”

அவர் நீலப் பேனாவை மூடினார். பைக்குள் சொருகினார். “சாப்பிட்டாச்சா மேடம்?” என்றார். மணி ஒன்பது பத்து.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அடுத்துச் சொன்னதுதான். “ஆச்சு சார். இட்லி. லாரி பன்னெண்டு மணிக்கு. அதனால நான் உட்கார்ந்துக்கறேன்.” எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை வெளியே எடுத்து, “எழுத்துல குடுங்க. முதல் ரிப்போர்ட் தப்புன்னு அதுலயே இருக்கணும்” என்றார். அங்கேயே எழுதினேன். பதினொன்றரைக்கு முனுசாமி கேட்டுக்கு ஓடிப்போய் லாரியின் முன்னால் நின்றார். பூட்டுகளையெல்லாம் பிரித்து, சிவப்புப் பெட்டியிலிருந்து ஸ்பிரிங் போட்டு, ஒன்பது நாள் தாமதமாக அனுப்பினோம். துருக்கிக்காரர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த ஆர்டரும் தந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. முலாம் பூசிய ஸ்பிரிங்கை உடனே அடுப்பில் வைத்துச் சில மணிநேரம் சூடாக்கவேண்டும். இல்லையென்றால் எஃகு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மையாகிவிடும். பழைய முதலாளிகள் கம்பெனியை விற்பதற்காகக் கடையை அலங்கரித்தபோது, செலவைக் குறைத்துக் காட்ட அந்த அடுப்பு நேரத்தில் கைவைத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் வந்ததும் செய்த முதல் வேலை புது அடுப்பு வாங்கி வைத்தது. முனுசாமியிடம் இதைச் சொன்னேன். ரேக்கில் காய்ந்துபோயிருந்த சாமந்தியை அவரே எடுத்துப் போட்டுவிட்டு, “அப்ப அந்த டார்ச் லைட்டு?” என்று கேட்டார். அதற்கு ஜெர்மனியிலிருந்து விளக்கம் வரவில்லை என்றேன்.

செல்வராணியின் கதை இவ்வளவு நேராக முடியவில்லை. முத்திரையை உடைத்தது உடைத்ததுதானே, விதி விதிதானே என்றார் தேவராஜன் சார். நிரந்தரமும் இல்லை, நீக்கமும் இல்லை; பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. நான் வாதாடவில்லை. ஒரு நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்ததிலேயே என் துணிச்சல் தீர்ந்துவிட்டது. வேலை போகவில்லையே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

“எனக்குச் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டீக,” என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்கு மாதத்தில் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு, “அங்க மொத நாளே நெலையான வேலை மேடம்” என்றாள். இரண்டாவது அறிக்கையில் என் தவறை ஒப்புக்கொண்டிருந்தேன், உண்மை. அது ஆங்கிலத்தில், தேவராஜன் சாருக்கு. அவளிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கயலின் போன் வந்த மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக்கு நான் போன் போட்டது அதுதான் முதல் முறை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பதறிவிட்டாள். இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த அக்கா அப்புறம் என்ன ஆனாங்கம்மா? அந்தக் கல்யாணம்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாகத் தெரிந்துகொள்ளவில்லை.

முனுசாமிக்குப் போன் செய்தேன். “இன்னா மேடம், செல்வராணியா? வடக்குப்பட்டுலதான் வூடு எட்டுகினு கீது. வாலாஜாபாத்லேந்து ஒரே பஸ்ஸு. இத்தினி நாளா தெரியாதா உனுக்கு?”

முந்தாநாள் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு டப்பா முறுக்கு வாங்கிக்கொண்டேன். நெல் விளைந்த இடங்களில் எழும்பிக்கொண்டிருக்கும் காம்பவுண்டு சுவர்களைத் தாண்டி, வரிசை வீடுகளில் கடைசி. வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் பாத்திரத்தோடு எழுந்தாள்.

“மேடம்! யாருக்கும் ஒண்ணும் இல்லையே?”

எல்லோரும் என்னைப் பார்த்து இதைத்தான் கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்றேன். உள்ளே உட்கார வைத்தாள். ஊர் மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாராம். தன்னோடு வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், அவர் முதல் ஷிப்ட்டில் இருக்கிறார். புதுக் கம்பெனியிலும் வரும் பாகங்களைச் சோதிக்கும் வேலைதான்.

“அங்கயும் ஸ்டிக்கர் உண்டா?” என்று கேட்டேன்.

“உண்டு மேடம். கலரு கெடையாது. பெட்டியப் பிரிச்ச தேதியும், பிரிச்சவ பேரும்.”

கயல் விஷயத்தைச் சொன்னேன். இங்கிலாந்துப் பெரியவர், அளப்பது, நோட்டைப் பார்ப்பது எல்லாம்.

“அவரு அளந்துதான பாக்காரு? சும்மா ஒண்ணும் எழுதலல்ல?”

“இல்ல.”

“அப்ப பயப்படாதீக.”

அந்தப் பெரியவரை நாலைந்து நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், அவர் என்னைவிட எவ்வளவோ தேவலை என்பதை அந்த இடத்தில்தான் உணர்ந்தேன்.

“நான் ரெண்டாவது ரிப்போர்ட் எழுதினது உனக்குத் தெரியுமா?”

“தெரியுமே. முனுசாமி அண்ணாச்சி படிச்சிச் சொன்னாக.”

“அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராதே.”

“அதான் அவுகளா ஒண்ணு சொன்னாக. மேடம் ஒன் கால்ல விழுந்து எழுதிருக்காங்க, நானே பாத்தேன்னு.” விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் அவள், “ஆனா நீங்களா ஒண்ணும் சொல்லல மேடம்” என்றாள்.

“நான் பாக்கெட்டை ஆட்டிப் பார்க்காம உன் பேர்ல எழுதினேன், செல்வராணி. அது தப்பு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு.”

அவள் நான் கொண்டுபோன முறுக்கு டப்பாவை எடுத்தாள். திறக்கவில்லை. காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டினாள்.

“ரெண்டு ஒடஞ்சிருக்கு மேடம்.”

பிரித்தோம். மேலே எல்லாம் முழுதாக இருந்தன. அடியில் இரண்டு உடைந்திருந்தன. முழு முறுக்கு ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு, உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி என் கையில் வைத்தாள்.

“இது ஒங்களுக்கு,” என்றாள். “சாப்பிடுங்க.”